எட்டே நாற்பது

நாணயமாற்றுக் கடையின் கண்ணாடிக் கூண்டு நான்கடி அகலமும் ஐந்தடி நீளமும் கொண்டது. கதவின் பூட்டு வெளிப்புறம் இருக்கிறது. சாவி காவலாளியின் இடுப்பில் தொங்கும். உள்ளே பணம் இருப்பதால் இந்த ஏற்பாடு என்பார் முதலாளி. பணத்தோடு ஓர் ஆளும் இருக்கிறார் என்பது அந்த விளக்கத்தில் வராது. பதினோரு ஆண்டுகளாக அதற்குள் அமர்ந்திருப்பவரைத் தெருவே கண்ணாடியக்கா என்று அழைக்கிறது.

"மீனு தொட்டிக்கு வந்தாச்சு" என்று சொல்லியபடிதான் காவலாளி தினமும் காலையில் பூட்டைத் திருகுவார்.

"பதினோரு மணிக்குத் தீனிய மறந்துடாதீங்கண்ணே" என்பார் அக்கா. தீனி என்பது தேநீர்.

அக்காவிடம் ஏழு நோட்டுப் புத்தகங்கள் உள்ளன. வேலை நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: தேதி, எல்லைக்கு அப்பால் உள்ள நாட்டின் ஒரு நோட்டுக்கு நம் பணத்தில் என்ன விலை. முதல் பக்கத்தில் அது மூன்றே கால். நான்காம் ஆண்டின் ஒரு திங்கட்கிழமை, நம் அரசு பணத்தின் மதிப்பைக் குறைத்தபோது, ஐந்தே முக்காலிலிருந்து ஒன்பதே காலுக்குத் தாவியது. அன்று கூட்டம் கண்ணாடியை அறைந்தது. காவலாளி சாவியோடு தெருமுனைக்கு ஓடிவிட்டார். இரண்டு மணி நேரம் மேசைக்கடியில் இருந்த அக்கா, அன்றைய வரியையும் அங்கிருந்தே எழுதியிருக்கிறார். எழுத்து சாய்ந்திருக்கிறது, எண்ணில் பிழையில்லை.

கடை வாசலில் தெருவைப் பார்த்து ஒரு பலகை தொங்குகிறது. அதில் இரண்டு பத்திகள்: வாங்கும் விலை, விற்கும் விலை. நாளைக்கு நாற்பது பேராவது இதில் குழம்புவார்கள்.

"ஏங்க, போர்டுல கூடுதலா போட்டிருக்கு, கையில கம்மியா தர்றீங்களே?"

"அது நாங்க விக்கிற விலைங்க. நீங்க விக்க வந்திருக்கீங்க, அப்போ நாங்க வாங்குறவங்க. ஒரே கண்ணாடிதான், எந்தப் பக்கம் நிக்குறீங்கன்னு பாத்துக்கணும்."

இதை அவர் தூக்கத்தில்கூடச் சொல்வார் என்பது காவலாளியின் கேலி.

மகள் எல்லைக்கு அப்பால் தாதிப் பயிற்சிக்குப் போய் மூன்று ஆண்டுகளாகின்றன. அவளுக்குக் கிடைக்கும் உதவித்தொகை விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடும். பயிற்சியில் இருப்பவர்களின் தாய் தந்தையரை அந்த நாடு உடன் சேர்ந்து வாழ அனுமதிக்கிறது. கட்டணம் அவர்களுடைய நோட்டாகவே இரண்டாயிரம். மகள் புறப்பட்ட அன்று புத்தகத்தில் இருந்த எண் எட்டே நாற்பது. இரண்டாயிரத்தால் பெருக்கினால் பதினாறாயிரத்து எண்ணூறு. அக்கா அந்தத் தொகையைச் சேர்த்தார்; கடைசி மூவாயிரத்துக்குக் கழுத்துச் சங்கிலி போயிற்று. அதற்குள் விலை ஒன்பதைத் தாண்டியிருந்தது. இறங்கும் என்று காத்திருந்தார். ஏழு புத்தகங்களைப் படித்தவருக்கு, ஏறியது ஒருநாள் இறங்கும் என்பது தெரியும்.

விண்ணப்பத்தின் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி வரை. அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று எவரும் சொல்லவில்லை. அன்று காலை முதலாளி தொலைபேசியில் அன்றைய விலையைச் சொன்னார். அக்கா புத்தகத்தில் எழுதினார்: 8.40.

மதிய இடைவேளையில் முதலாளி கூண்டுக்குள் அமர்வது வழக்கம். அக்கா பணப்பையோடு வெளியே வந்து, சுற்றிவந்து, வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நின்றார்.

"ரெண்டாயிரம் நோட்டு வேணுங்க. பதினாறு எண்ணூறு இருக்கு, எண்ணிக்கோங்க."

முதலாளி கணிப்பானைத் தட்டினார். "பதினேழாயிரத்து நானூத்தி இருபதும்மா."

"இன்னைக்கு எட்டு நாப்பதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது நாம வாங்குறது. விக்கிறது எட்டு எழுபத்தொண்ணு." அவர் சிரித்தே விட்டார். "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குறவங்க நீங்க!"

அக்கா திரும்பிப் பலகையைப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முதலாளி குறித்து வைக்கச் சொன்னது வாங்கும் விலையை. பதினோரு ஆண்டுகளின் எல்லா வரிகளும் அந்த ஒரு பத்தியைச் சேர்ந்தவை. கண்ணாடிக்கு உள்ளிருப்பவருக்கான விலையைத்தான் அவர் இத்தனை நாளும் எதிர்பார்த்திருந்தார்.

"உங்களுக்காக எட்டு அறுபதுன்னு போட்டுக்கறேன். அதுக்குக் கீழ எனக்கே கட்டுப்படியாகாது."

"அப்பவும் நானூறு குறையுது. அடுத்த மாசச் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க."

"எப்போ போறீங்க?"

"அனுமதி வந்ததும்."

"போற ஆளுக்கு முன்பணம் குடுத்துட்டு நான் யாருகிட்டம்மா பிடிக்கிறது? இருக்கேன்னு சொல்லுங்க, இப்பவே தர்றேன்."

இருக்கிறேன் என்று சொன்னால் அந்த நானூறு தேவையே இல்லை. காவலாளி சட்டைப்பையைத் துழாவித் தொண்ணூறு எடுத்து நீட்டினார். "இவ்வளவுதான் இருக்கு. பக்கத்துக் கடைக்காரங்ககிட்ட கேட்டுப் பாக்கவா?" அவர் நான்கு கடைகள் ஏறி இறங்கி வந்தபோது கையில் நூற்று எழுபது இருந்தது. அரை மணி நேர இடைவேளை முடிந்திருந்தது.

"ஆளுங்க நிக்குறாங்கம்மா" என்று எழுந்தார் முதலாளி.

அக்கா தொண்ணூறையும் எண்பதையும் பிரித்து, யார் யாருக்கு எவ்வளவு என்று காவலாளியிடம் சொல்லித் திருப்பித் தந்தார். உள்ளே போய் அமர்ந்தார். காவலாளி பூட்டினார். மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றே காலுக்கு மகள் அழைத்தாள்.

"கட்டிட்டியாம்மா?"

"இல்லடா."

"எவ்வளவு குறைஞ்சுது?"

"ஒரு நோட்டுக்கு முப்பத்தொரு காசு" என்றார் அக்கா. "அப்புறம் பேசுறேன், வரிசை நிக்குது."

ஏழாம் புத்தகத்தில் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அளவுகோல் வைத்து ஒரு கோடு இறங்குகிறது. இடப்பக்கம் 8.40. வலப்பக்கம் 8.71. அதற்குப் பிந்தைய பக்கங்கள் எல்லாவற்றிலும் இரண்டு எண்கள் இருக்கின்றன.