ஒரிஜினல் பிஸ்டன்

நேற்று மறைமலைநகரில் ஒரு மெக்கானிக் கடையைத் தாண்டும்போது, மண்ணெண்ணெயில் கழுவிய இரும்பின் வாசனை என்னை எங்கள் செங்கல்பட்டு வீட்டுக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது. இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது.

அப்பா ஆசையாக வாங்கிய அரதப்பழசான டிராக்டரின் எஞ்சின் அங்கேதான் பிரிந்து கிடந்தது. அது ஓடினால் அதிலேயே மாமல்லபுரம் போய்க் கடல் பார்ப்பதாக எனக்கு வாக்கு, அதனால் கோடை விடுமுறைகளில் நானும் அங்கேயே கிடந்தேன். வருகிற பிஸ்டனையெல்லாம் அப்பா நகத்தால் சுண்டிக் கேட்டு, அது ஓடும் லைனர் குழாய்க்குள் இறக்கிப் பார்த்து, "டூப்ளிகேட்டு" என்று மூலையில் போடுவார். எனக்கும் கடலுக்கும் நடுவே அந்தக் குவியல் வளர்ந்துகொண்டே போனது.

"இன்னா அண்ணாத்த, பொண்ணு பாக்கசொல்லகூட இவ்ளோ நோண்ட மாட்டாங்க," என்பார் மெக்கானிக் பாபு.

"பொண்ணு அட்ஜஸ்ட் பண்ணிக்கும், எஞ்சின் பண்ணிக்காது," என்பார் அப்பா. சமையலறையில் அம்மாவின் கையால் ஒரு பாத்திரம் ஓங்கி வைக்கப்படும்.

கடைசியில் ஒரிஜினல் கிடைத்தது, இன்னொரு ஓடாத டிராக்டருக்குள். பிஸ்டனை மட்டும் தர அதன் சொந்தக்காரர் மறுத்ததால், அப்பா வண்டியையே இழுத்துவந்து எங்கள் கேட்டை அடைத்து நிறுத்தி, அதன் எஞ்சினையும் பிரித்தார். பள்ளிக்கூடம் போவதற்கே நான் அதன் பெரிய சக்கரத்தில் ஏறிக் குதிக்க வேண்டியிருந்தது.

"இன்மே கடலுக்கு ரெண்டு வண்டில போலாண்டா," என்றார் அப்பா.