வேதகிரி மேல் குடியிருந்தவர்கள்

பெருநகர் கிராமத்து வேதகிரிக்கு ஐம்பத்துநாலு வயது. அதில் நாற்பது வருஷம் அடுத்தவர் நிலத்தில் சேறு மிதித்தவர். சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு சாண் மண் கிடையாது. ஏரிக்கரைப் புறம்போக்கில் போட்ட குடிசையை மூன்று முறை இடித்தாயிற்று. ஆக்கிரமிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே அவர் சட்டி பானையை மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு மூன்று சென்ட் மனைப்பட்டா வரப்போகிறது, மாசக் கடைசியில் முகாம் என்று தகவல் வந்தது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்தா நர்சிங் படிக்கும் மகள் செவ்வந்தி வாயைத் திறக்க வேண்டும்?

"நைனா, நம்ம தோலு மேல கோடிக்கணக்குல கிருமிங்க குடியிருக்குதுங்க, தெரியுமா?"

"யாரு வுட்டது?"

"யாரும் வுடல. பொறந்ததுலேர்ந்து கீதுங்க. நல்ல கிருமிங்க. அதுங்க எடத்தப் புடிச்சிக்கினு இருக்கறதாலதான் சொறி, சிரங்கு உள்ள வர முடியல. தோலோட எண்ணெயும் காவலுக்குத்தான் கீது."

காவல், நல்லது எதுவும் வேதகிரி காதில் ஏறவில்லை. பட்டா இல்லாமல் கோடிப்பேர் தன் மேல் குடியேறியிருக்கிறார்கள் என்பது மட்டும் நன்றாக ஏறியது. முகாமில் எவராவது கண்டுபிடித்து, 'உன் மேலேயே இத்தனை ஆக்கிரமிப்பு, உனக்கெதற்கு மனை?' என்று கேட்டுவிட்டால்? சிரிக்காதீர்கள். மூன்று முறை வீடு இடிபட்டவருக்கு எந்தப் பயமும் வரும்.

மறுநாளே அகற்றும் வேலை தொடங்கியது. துணி சோப்பு, தேங்காய் நார், செங்கல் தூள். பம்புசெட்டில் நாளைக்கு ஐந்து வேளை. "காலி பண்ணுங்கடா!" என்று அதட்டிக்கொண்டே தேய்த்தார். நாற்பது வருஷம் சேற்றில் நின்றும் ஒரு கொப்புளம் காணாத உடம்பு, பத்தே நாளில் வறண்டு வெடித்தது. வெடிப்பெல்லாம் சீழ்க்கொப்புளம், அக்குளில் படர்தாமரை. காவல்காரர்களைத் துரத்திவிட்ட இடத்தில் ரவுடிகள் கொட்டகை போட்டுவிட்டார்கள். விரல் நுனிகளோ தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன.

முகாமில் அந்த வழவழப்புதான் வினையானது. கைரேகை மிஷினில் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. பத்து விரலையும் வைத்தார். பத்துக்கும் சிவப்பு.

"ரேகையே இல்லையே பெரியவரே! நீங்கதான் வேதகிரின்னு மிஷின் ஒத்துக்க மாட்டேங்குது. அடுத்த மாசம் கடைசி முகாம். அதுலயும் விழலன்னா மனை வேற ஆளுக்குப் போயிடும்" என்றார் அதிகாரியம்மாள்.

வேதகிரி வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதார். விஷயத்தைக் கேட்ட செவ்வந்திக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள். களிம்பு கொடுத்தார்கள். ஒரு வேளைக் குளியல், துணி சோப்பு துணிக்கு மட்டும் என்று உத்தரவு. வேதகிரி சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து, கைகளைக் காற்றில் நீட்டி, "வாங்கய்யா, கோச்சிக்காதீங்க. அவங்கவங்க எடத்துல வந்து குந்திக்கோங்க" என்று கெஞ்சுவார். பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள், யாரோ செய்வினை வைத்துவிட்டதாகவே முடிவு கட்டினாள்.

கடைசி முகாமன்று கட்டைவிரலை வைத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பச்சை என்று செவ்வந்தி கத்தியபிறகுதான் திறந்தார்.

அதிகாரியம்மாள் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார். "வீட்டுல எத்தனை பேரு?"

"நானு, எம் பொண்ணு..." வேதகிரி புறங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்பறம் ஒரு கோடிப்பேரு கீறாங்கம்மா. அவங்களுக்குப் பட்டா வேணாம். நான் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்."