கொழுந்து மலைக்குக் கொண்டுபோன பொய்

போன வருடம் மழைக் காலத்தில், இலங்கையில் றக்வானைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட உடுப்பு தைப்பேன். அதிகம் பேசமாட்டேன்.

தோட்டத்து டிஸ்பென்சரி, காலையில் வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக் களத்துக்கு எதிரில் இருக்கிறது. ஒரு வயசுப் பிள்ளை அந்தப் படியில் ஏறினால், கொழுந்து நிறுப்பதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் உடம்புக்கு எது வந்தாலும் பிள்ளைகள் மறைத்துக்கொள்வார்கள்.

எங்கள் பகுதி மருத்துவிச்சி சிங்களப் பிள்ளை. தமிழ் நன்றாகப் பேசும். மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். அதுதான் ஒரு வழி செய்தது. பையன்கள் உடம்பு விவரம் கேட்கக் கடைவீதி சலூன், பொம்பளைப் பிள்ளைகளுக்கு என் வீடு. சனிக்கிழமைகளில் அளவு எடுக்கும் திரைக்குப் பின்னால் மிஸ்ஸி உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் தைக்கக் கொடுப்பதுபோலக் கையில் ஒரு துணியோடு வருவார்கள். பேச்சு வெளியே கேட்காமல் இருக்க நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருப்பேன். எனக்கும் அது வசதி. அந்த மாதிரி வார்த்தைகளை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

ஒரு சனிக்கிழமை மிஸ்ஸிக்கு வேறு தோட்டத்தில் கிளினிக். அது தெரியாமல், ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை ஒன்று வந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டது. மிஸ்ஸி இல்லை என்று சொல்லப் போனேன். அதன் உதடெல்லாம் வெளுத்திருந்தது. எழும்ப முடியவில்லை. மாதவிலக்கு வாரக்கணக்காக நிற்கவில்லையாம். அம்மாவிடம் சொன்னாயா என்றேன்.

"சொன்னா வேற மாதிரி நினைச்சுக்கும், பாட்டி" என்றது.

மிஸ்ஸிக்குப் போன் எடுத்தேன். "அம்மே, நாளைக்குன்னு வைக்காதீங்க. இப்பவே தாயோட ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, உசிருக்கே ஆபத்து" என்றது. பிள்ளை அழுதது. பிறகு, ஆள் முன்னால் மட்டும் சொல்லவேண்டாம் என்று என்னை அம்மாவிடம் அனுப்பியது. பாயில் படுக்கவைத்துவிட்டு மலைக்கு நடந்தேன்.

தாய் மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நிரை முழுக்கப் பெண்கள், பக்கத்தில் கங்காணி. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனது ஒன்றும் வரவில்லை. உன் ஜாக்கெட் துணியைத் தப்பாக வெட்டிவிட்டேன், அளவு எடுக்க வா என்றேன்.

"ஒரு ஜாக்கெட்டுக்கா மல ஏறி வந்தீங்க? இவளுக்கு என்ன கல்யாணமா?" என்று ஒருத்தி கேட்க, நிரையே சிரித்தது. அரைப் பேராகி அரை நாள் சம்பளம் போய்விடும் என்று தாய் வர மறுத்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஏதோ விஷயம் என்று அவளுக்குப் பட்டிருக்கவேண்டும். வந்தாள்.

திருப்பம் தாண்டியதும், உன் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். அவள் நின்றுவிட்டாள்.

"யாரு அவன்?"

"எவனும் இல்ல. தூரமானது நிக்கவே இல்ல. ரத்தம் போயிக்கிட்டே இருக்கு, புள்ள வெளுத்துப் போயி கெடக்கு."

கொழுந்துச் சாக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளைக்கு இரத்தம் ஏற்றினார்கள். இந்த வயதில் சிலருக்கு இப்படி வரும், மருந்தில் சரியாகும், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார் டாக்டர். பிள்ளை குணமாகி வந்து பரீட்சையும் எழுதியது. நிரையில் மட்டும் நான் இன்னும் துணியைத் தப்பாக வெட்டினவள்தான்.

கொஞ்ச நாள் கழித்து, ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தாய் வந்தாள். "அத்த, நான் மொதல்ல கேட்டத அவகிட்ட சொல்லிறாதீங்க" என்றாள். நான் சொல்லவில்லை. மனசு கேட்காமல் அவளே ஒருநாள் மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

"நீ அதத்தான் கேப்பேன்னு தெரியும்மா. அதான் சொல்லல" என்றதாம் பிள்ளை.

தாயும் மகளும் எழுதலாம் என்று சொன்ன பிறகே இதை எழுதுகிறேன். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் ஒரு பிள்ளை அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. இப்போது எந்தப் பிள்ளை என் வீட்டுப் படியேறினாலும், அதனிடம் முதலில் எதைக் கேட்கக்கூடாது என்பதுதான் எனக்கு நினைவு வருகிறது.