மூட்டையில் கை வைத்த சனிக்கிழமை

என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து பாடுகிற சகோதரிகளுக்கும், பின்னால் நாற்காலி போட்டு உட்காருகிற சகோதரர்களுக்கும் ஸ்தோத்திரம். இந்தச் சாட்சியை எழுதித் தரும்படி பாஸ்டரம்மா மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் உடம்பு சரியில்லை என்று சொன்னேன். உடம்பு சரியாகத்தான் இருந்தது. எழுத வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

புது ஆயிரமாண்டு ஆராதனை எல்லாம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரர் தேவசகாயம் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளில் சரக்கு ஏற்றி இறக்குகிற கூலி வேலையில் இருந்தார். ஒரு மத்தியானம் லாரியின் மேலிருந்து விழுந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டி அனுப்பினார்கள். ஆறு மாதம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். அவர் வேலை நின்றது. நான் வீட்டில் உட்கார்ந்து எக்ஸ்போர்ட் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஆர்டர் இல்லை என்று அதுவும் நின்றது. எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் ஏழாவது, சின்னவள் மூன்றாவது. ரேஷன் அரிசி மாதத்தின் பாதியிலேயே தீர்ந்துபோகும். அப்புறம் மரவள்ளிக் கிழங்கு, பன்னு, டீ.

இது எல்லா வீட்டிலும் வருகிற கஷ்டம்தான். ஆனால் எனக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. சபையில் பிடி அரிசி வாங்குகிறவள் நான்.

வெளியூர்ச் சபைகளில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்க அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். அது ஆண்டவருக்கென்று எடுத்து வைத்த அரிசி. சனிக்கிழமை தோறும் நான் பையை எடுத்துக்கொண்டு எர்ணாவூர் குடியிருப்பு, காத்திவாக்கம் குப்பம் என்று வீடு வீடாகப் போய் அதை வாங்கி வருவேன். எல்லாம் என் வீட்டில் ஒரு மூட்டையில் சேரும். மாதத்தின் முதல் ஞாயிறு அதை ஆலயத்துக்குக் கொண்டுபோய் விதவைகள், படுக்கையில் இருக்கிறவர்கள் என்று நான்கு குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்போம். பதினோரு வருஷமாக நான்தான் போனேன். வெயில், மழை, ரோட்டை அடைத்து நிற்கிற கன்டெய்னர் லாரிகள், மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றில் வருகிற நாற்றம் எதையும் பார்த்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

பிடி அரிசியில் ஒரு தொல்லை உண்டு. ஒரு வீட்டில் ரேஷன் புழுங்கல், ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் பச்சரிசி, இன்னொரு வீட்டில் இட்லி அரிசி. எல்லாம் ஒரே மூட்டைக்குள். உலையில் போட்டால் பாதி குழைந்துவிடும், பாதி வேகாது. வாங்குகிறவர்கள் சில சமயம் முணுமுணுப்பார்கள். "கெடச்சதுக்கு ஸ்தோத்திரம் சொல்லு" என்று நான் வாயை அடைத்துவிடுவேன். நான் கொஞ்சம் கோபக்காரி. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வாங்குகிறவர்களில் மரகதம் என்று ஒருத்தி. காத்திவாக்கத்தில் இருந்து வருவாள். கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்து, கூடையில் தெருத் தெருவாக விற்கிற பெண். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதற்கப்புறம் எங்கள் ஆலயத்துக்கு வர ஆரம்பித்தாள். ஞானஸ்நானம் எடுக்கவில்லை. செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், கடைசியில் உட்காருவாள். ஒரு முதல் ஞாயிறு அவள் பையை நீட்டியபோது நான் பக்கத்தில் இருந்தவளிடம், அவள் காதில் விழும்படியே, "சில பேரு ஜெபத்துக்கு வர்றதில்ல, அரிசிக்கு வர்றாங்க" என்றேன். மரகதம் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். ஆலயத்துக்கு வருவதை விடவில்லை. அரிசிக்கு மட்டும் அப்புறம் வரவே இல்லை.

என் வீட்டு வாசலில் ஒரு வாளி இருக்கும். அரிசி கழுவுகிற தண்ணீரை அதில் ஊற்றி வைப்பேன். இறால் விற்க வருகிற மரகதம் காலையில் அதைத் தன் ஆடுகளுக்கு ஒரு கேனில் ஊற்றிக்கொண்டு போவாள். நான் அப்படிப் பேசின பிறகும் அந்தத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். என்னோடு பேசமாட்டாள். ஆடு ரோஷம் பார்க்குமா?

வீட்டுக்காரர் விழுந்து மூன்றாவது மாதம். நான் ஜெபித்துக்கொண்டே இருந்தேன். என் ஜெபம் இதுதான்: ஆண்டவரே, எங்களுக்குச் சோறு கொடும், ஆனால் ஒருத்தருக்கும் தெரியாமல் கொடும். இப்படியே பல நாள். பதில் இல்லை. சனிக்கிழமைகளில் பையோடு போய் வாசலில் நின்றால், "இன்னாக்கா, மாமா கால் எப்டி கீது?" என்று கேட்பார்கள். "கர்த்தர் நடத்துறாரு" என்று சிரிப்பேன். அவர் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னேன். அந்தச் சிரிப்புக்கே பாதி உயிர் போய்விடும். அடுத்தவர் வீட்டு அரிசியைத் தலையில் சுமந்துகொண்டு, காலியான வயிற்றோடு எர்ணாவூர் வரை நடந்து வருவேன். வந்து மூட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். எழுந்திருக்கப் பிடிக்காது. ஜெபிக்கவும் பிடிக்காது.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை. மறுநாள் முதல் ஞாயிறு. மூட்டை நிறைந்திருந்தது. சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் சத்துணவும் இல்லை. காலையில் இருந்து ஒரு பன்தான். அவள் அழவில்லை. மூட்டையின் மேல் கையை வைத்து, "அம்மா, இது நம்புளுது இல்லல்ல?" என்று கேட்டாள். நம்முடையது இல்லை என்று அவளுக்கே தெரியும். மூட்டையைப் பிரித்து இரண்டு ஆழாக்கு எடுத்து உலையில் போட்டேன்.

அரிசி கழுவின தண்ணீரை அன்றைக்கு நான் வாளியில் ஊற்றவில்லை. சாக்கடையில் ஊற்றினேன். மரகதத்துக்குக்கூடத் தெரியக் கூடாது என்று தோன்றியது.

தட்டில் போட்டதும் பெரியவள் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஒண்ணு கொழஞ்சி கீது, ஒண்ணு பல்லுல மாட்டுது" என்றாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "நாளைக்கு பாஸ்டராண்ட சொல்லிடு கிருபா" என்றார். "சொல்லி? பதினோரு வருஷம் சுமந்த எனக்கு ரெண்டு ஆழாக்குக்கு உரிமை இல்லியா?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, என் தட்டில் கை வைக்க முடியவில்லை.

மறுநாள் மூட்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் ஒப்படைத்தேன். சொல்லவில்லை. திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து முன்னால் போனார்கள். நான் மட்டும் பாயில் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். நான்கு குடும்பங்களுக்கும் நானே அளந்து போட்டேன். கடைசியில் நின்ற பாட்டிக்குக் கொஞ்சம் குறைந்தது. அவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. "நல்லாருமா" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வந்து, ஆண்டவரே, இனிமேல் என்னால் முடியாது என்று மட்டும் சொன்னேன். அதை ஜெபம் என்றுகூடச் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். வாசலில் இறால் கூடையோடு மரகதம் நின்றாள். கையில் ஒரு பால் பவுடர் டப்பா. உள்ளே வரவில்லை.

"பக்கெட்டு பத்து நாளா காஞ்சி கெடக்குதுக்கா" என்றாள். "அரிசி கழுவுனா தண்ணி இல்லாம போவுமா? நான் புரிஞ்சிகினேன்."

அவள் டப்பாவை வாசற்படியில் வைத்தாள்.

"ஒலைல போடறப்பல்லாம் ஒரு புடி எடுத்து வச்சேன். இது சர்ச்சு அரிசி இல்ல, என் வூட்டு அரிசி. எல்லாம் ஒரே அரிசி, நல்லா வேவும். நான் யாராண்டயும் சொல்லல. பாஸ்டரம்மாக்குக்கூட தெரியாது."

சகோதரிகளே, நான் கேட்ட ஜெபம் வார்த்தைக்கு வார்த்தை வந்து வாசலில் நின்றது. ஒருத்தருக்கும் தெரியாமல் கொடும் என்று கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியாமல்தான் கொடுத்தார். கொண்டுவந்த ஆளைத்தான் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊரில் எல்லாரையும் சொல்லியிருப்பேன், மரகதத்தைத் தவிர.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுத ஆசைதான். அவமானத்தில்தான் அழுதேன். அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்து, "மரகதம், சனிக்கெழம நான் மூட்டைல கைய வச்சிட்டேன்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எவ்ளோ?"

"ரெண்டு ஆழாக்கு."

"கொழந்தைங்க துன்னுச்சா?"

"துன்னுச்சு."

"சரி" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீ அன்னிக்கி சொன்ன பாரு, அரிசிக்கு வர்றாங்கன்னு. அது எனக்கு ரொம்ப வலிச்சிதுக்கா. இன்னும் மறக்கல. அதையும் உன்னாண்ட சொல்லிடறேன்" என்றாள்.

அவள் கையைப் பிடித்தேன். இறால் முள் கிழித்த கை. "தப்புடி. என்னை மன்னிச்சிடு" என்றேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. உள் அறையில் படுத்திருந்த என் வீட்டுக்காரர், "மரகதம், டீ குடிச்சிட்டு போம்மா" என்று குரல் கொடுத்தார். "வெறும் டீதான்" என்றேன் நான். குடித்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்ல யாருக்காவது ஏவுதல் உண்டா என்று பாஸ்டர் கேட்டார். நான் எழுந்து நின்றேன். வீட்டில் சோறு இல்லாததைச் சொன்னேன், மூட்டையில் எடுத்ததைச் சொன்னேன், மரகதத்தை நான் பேசினதையும் அவள் கொண்டுவந்ததையும் சொன்னேன். ஒருத்தரும் அல்லேலூயா சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டேன். ஒரு சகோதரி எழுந்து வெளியே போனார்கள். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அது அவர்களுடைய நியாயம்.

ஆராதனை முடிந்ததும் எர்ணாவூர் குடியிருப்பில் இருக்கிற சபைத் தங்கை ஒருத்தி என்னைத் தனியாக இழுத்தாள். "யக்கா, நானு தெனைக்கும் புடி அரிசியே எடுக்கறதில்ல. சனிக்கெழம நீ தெருமொனைல வந்துகினு இருக்கச் சொல்லோ ஒரேயடியா ஏழு புடி அள்ளிப் போட்டுருவேன்" என்றாள். அந்த நாளில் முதல் முறையாகச் சிரித்தேன்.

பை இனி என்னிடம் வேண்டாம் என்று பாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. இனி மூட்டை ஆலயத்திலேயே இருக்கட்டும், ஒருத்தியாகப் போகாமல் இரண்டு பேராகப் போங்கள் என்றார். யாரோடு போகிறாய் என்று கேட்டார். மரகதத்தைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவள் யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். பிறகு வந்தாள்.

அடுத்த மூன்று மாதமும் வரிசையில் ஐந்தாவது குடும்பமாக நாங்கள் நின்றோம். அளந்து போட்டுப் பழகின கைக்குப் பையை விரித்துப் பிடிப்பது எவ்வளவு பாரம் என்று அப்போதுதான் தெரிந்தது. சீஷர்களின் காலைக் கழுவ ஆண்டவர் குனிந்தபோது அவர்களுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கழுவுகிறவள் ஆகத்தான் எனக்கு ஆசை. காலை நீட்டத் தெரியவில்லை.

இப்போது என் வீட்டுக்காரர் நடக்கிறார். கால் சற்றுக் கோணல்தான், பாரம் தூக்க முடியாது. ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். பெரிய அற்புதம் எதுவும் எங்கள் வீட்டில் நடக்கவில்லை. நானும் களைப்பாகத்தான் இருக்கிறேன். சனிக்கிழமை வந்தால் முதுகு வலிக்கிறது. ஆனால் இப்போது வலிக்கிறது என்று மரகதத்திடம் சொல்கிறேன். அவள் பையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்கிறாள். இந்த வருஷம் ஈஸ்டருக்கு அவள் ஞானஸ்நானம் எடுத்தாள். நான் சொல்லி எடுக்கவில்லை, அவளாகவே எடுத்தாள். அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடியவில்லை.

பிரியமானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். உங்கள் ஜெபத்தை அவர் கேட்கிறார். ஆனால் பதிலை யார் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லித் தராதீர்கள். வருகிற சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் உங்கள் வாசலுக்கு வருவோம். டப்பாவில் அரிசி இருந்தால் போடுங்கள். உங்கள் வீட்டிலேயே அரிசி இல்லையென்றால், இல்லை என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குப் பதினோரு வருஷம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.