செல்வம்மாளின் கன்னங்கள்

தராசைத் தொடுவதற்கு முன் செல்வம்மாள் பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டரின் கண்ணாடியில் குனிந்து இரண்டு கன்னங்களையும் கிள்ளிப் பார்ப்பாள். இருக்கின்றன. பிறகுதான் சங்கரா மீனைத் தூக்கிக் காட்டி விலை சொல்வாள்.

நாவலூரில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல்தான் அவள் கடை. இடம் பார்த்துப் பிடித்தது. நாலு எட்டில் காவலாளியின் கழிப்பறை. அவள் கேட்காமலே அவர் சாவியை நீட்டுவார். அவள் நெத்திலியை நிறுக்காமலே அள்ளிப் போடுவாள்.

வயிற்றால் ரத்தமாகப் போனபோது சூடு என்று வெந்தயம் விழுங்கினாள். மூலம் என்று கருணைக்கிழங்கு தின்றாள். கடைசியில் தாம்பரத்து டாக்டர் ஞானஜோதி குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலில் புண் என்றார். இரண்டு மாத்திரைகள். சின்னது ஸ்டீராய்டு, கொஞ்ச நாளைக்குத்தான், படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். பெரியது தினமும், உடம்பு நன்றாக இருந்தாலும்.

சின்னது ரத்தத்தை நிறுத்தியது, பசியைக் கொடுத்தது, முகத்தை உப்ப வைத்தது. ஒல்லி உடம்பால் ஊரில் கருவாடு என்று பெயரெடுத்தவள். மகள் தமிழினிக்கு ஆவணியில் கல்யாணம். நாத்தனார் சாமுண்டீஸ்வரி மோவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"இன்னா அண்ணி, பவுர்ணமி கணக்கா கீறே. கல்யாணம் பொண்ணுக்கா, உனுக்கா?"

அந்தக் கன்னத்தை விட அவளுக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து பெரிய மாத்திரை டப்பாவிலேயே தங்கிவிட்டது. சின்னதைப் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த முறை அவள் முகத்தைப் பார்த்ததுமே டாக்டர் பேனாவை மூடினார். "இந்நேரம் கன்னம் வத்தியிருக்கணுமே செல்வம்மா. சின்ன மாத்திரைய விடலையா நீங்க?"

"பெர்ச துன்னா ஒண்ணும் ஆவல டாக்டரம்மா."

"ஒண்ணும் ஆகாம இருக்கத்தான் அது. சின்னது எலும்பைக் கரைக்கும், சர்க்கரையக் கொண்டுவரும்."

"கல்யாணம் முடியட்டும். போட்டோல கருவாடு கணக்கா நிக்கச் சொல்றியா?"

"நிக்கவே முடியாமப் போனா?"

செல்வம்மாள் மடியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். டாக்டர் அதைத் திருப்பித் தள்ளினார்.

"ஒரேயடியா நிறுத்தினா அது வேற வம்பு. கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்."

"மத்தியானத்துல மீன் வெல எறக்கறாப்பல."

"அதேதான். பெரிசு மட்டும் ஒருநாளும் எறங்கக் கூடாது."

மாத்திரை குறையக் குறையக் கன்னமும் இறங்கியது. கண்ணாடியில் கிள்ளினால் விரலுக்குத் தோல்தான் அகப்பட்டது. மண்டபம் பார்க்கப் போனபோது மற்றவர்கள் மேடையைப் பார்க்க, இவள் கழிப்பறைத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். கல்யாணத்தன்று அந்தப் பக்கம் ஓட வேண்டியிருக்கவில்லை. விடிந்ததிலிருந்து நின்ற கால் நின்றபடி வந்தவர்களை வரவேற்றாள். பெரிய மாத்திரை இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது.

மணமக்கள் பக்கத்தில் வந்து நிற்கும்படி போட்டோகிராபர் கூப்பிட்டார்.

"இரு தம்பி."

தாம்பூலத் தட்டிலிருந்து வெற்றிலைகளை எடுத்துச் சுருட்டி, இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று என்று அடக்கிக்கொண்டாள். வாயைத் திறக்காமல், எடுக்கச் சொல்லித் தலையை ஆட்டினாள்.