போட்டுப் பார்க்கக் கூடாத ஷூ

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். பி.எல். படிக்க ஆசைப்பட்டு, டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையோடு நின்றவன். வெளிநாட்டு ஏற்றுமதிக்குத் தேறாமல் கழித்த ஷூக்களை எங்கள் கம்பெனி அவ்வப்போது வாசல் கேட்டருகே மலிவாக விற்கும். வாங்கிப் போனவர்கள் தையல் விட்டது, அடி பிளந்தது என்று திரும்பி வந்து சண்டை பிடிப்பார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“பில்லுக்கு அடியில ஒரு வாசகம் போடணும்பா. ஒருத்தனும் திரும்பி வரக் கூடாது. எலி நுழையற சந்துகூட இருக்கக் கூடாது.”

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த வக்கீல் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான். ‘வாங்குபவர் சரக்கைத் தாமே பார்த்துத் திருப்தியடைந்து எடுத்துக்கொள்கிறார். தரம், அளவு, உழைப்பு, ஜோடிப் பொருத்தம் எதற்கும், வெளியே தெரியாத குறைக்கும்கூட, கம்பெனி உத்தரவாதம் தரவில்லை’ என்று எழுதினேன். ‘ஜோடிப் பொருத்தம்’ என் சொந்தச் சரக்கு. யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வேலூரில் நர்ஸ். மாப்பிள்ளை ஷூ கம்பெனி என்று அந்த வீட்டில் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். கம்பெனி கேட்டில் கறுப்பு ஷூ ஒரு ஜோடி வாங்கினேன். அங்கே பார்க்கலாம், போட்டுப் பார்க்கக் கூடாது. அடியில் மண் ஒட்டினால் அப்புறம் யார் வாங்குவது? வீட்டில் போட்டேன். வலது கால் வெண்ணெயாகப் போனது. இடது கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

ஸ்டோர் பொறுப்பிலிருந்த பாயிடம் ஓடினேன்.

“பாய், இடது ஒரு சைஸ் கம்மி.”

பாய் பில்லைத் தூரப் பிடித்துப் படித்தார். “அளவுன்னு போட்டிருக்கே தம்பி.”

“உள்ள எட்டுன்னுதான் அடிச்சிருக்கு. வெளிய தெரியாத குறை பாய் இது.”

“அதுவும் போட்டிருக்கு.”

“ஜோடியே சேரலியே.”

“அட, அதையும் விடல பாருங்க. எழுதினவரு ஜாஸ்தி படிச்சவருபோல.”

எழுதினவர் யாரென்று அவருக்குத் தெரியும். சிரிக்கவேயில்லை. எந்தப் பக்கம் ஓடினாலும் நானே எழுப்பிய சுவரில் நானே முட்டிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று பவுடர் கொட்டி, கரண்டிக் காம்பை வைத்து நெம்பி, இடது காலை உள்ளே தள்ளினேன். வேலூர் வந்து சேர்வதற்குள் கால் வீங்கிவிட்டது. காரிலிருந்து மாதா கோயில் படிக்கட்டுவரை நொண்டிக்கொண்டு போனேன். படியில் பெண்ணின் தாய்மாமன் நின்றிருந்தார். ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர். நிச்சயத்துக்கு முன் கம்பெனிக்கு வந்து, என்னை டீக்கடைவரை நடத்திப் பார்த்துவிட்டுப் போனவர்.

“மாப்ள, காலுக்கு இன்னா?”

“ஒண்ணுமில்ல மாமா.”

“அன்னிக்கு நேராத்தான நடந்தீங்க? நாலு அடி நடந்து காட்டுங்க.”

நடந்து காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

“கால்ல குறைய மறைச்சு வச்சு கட்டப் பாக்கறாங்களா? பாதிரியார நிறுத்தச் சொல்லுங்க” என்றார். அவருடைய மெதுவான குரலே அடுத்த ஸ்டேஷனுக்குக் கேட்கும். ஷூவைக் கழற்றிக் காட்டிவிடலாம் என்று குனிந்தேன். வரவில்லை. படியில் உட்கார்ந்து இழுத்தேன். கால்தான் கழன்றுவிடும்போல இருந்தது.

“கழட்டவே மாட்டேங்கறாரு பாருங்க” என்றார் மாமா, கூடியிருந்தவர்களிடம்.

கழித்த ஷூவை விற்ற கம்பெனிக்குக் கவசமாக ஒரு வாசகம் இருந்தது. மாப்பிள்ளையாக வந்து நின்ற எனக்கு எங்கேயும் எதுவும் அச்சடித்திருக்கவில்லை. கழித்துக் கட்டினால் கேள்வியில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதற்குள் பெண்ணின் கார் வந்தது. வெள்ளைச் சேலையை ஒதுக்கிக்கொண்டு இறங்கியவள் என் காலைப் பார்த்தாள்.

“மாமா, கொஞ்சம் தள்ளுங்க.” கணுக்காலை அழுத்தினாள். நான் கத்தினேன். “வீங்கிக் கெடக்கு. யாராவது கத்திரிக்கோல் குடுங்க.”

பூ கட்டிக்கொண்டிருந்தவரின் கத்திரிக்கோல் வந்தது. கட்டுப் பிரிப்பதுபோல ஷூவை மேலிருந்து கீழே வெட்டினாள். கால் வெளியே வந்து மூச்சு விட்டது.

“நடங்க” என்றாள். கொஞ்சம் கூசினாலும் நேராகவே நடந்தேன்.

மாமா தாடையைத் தடவினார். “இன்னொரு காலையும் கழட்டுங்க.”

கழற்றினேன். கோட்டு, டை, வெறுங்கால் சகிதமாக உள்ளே போனேன். எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஷூவே தேவைப்பட்டிருக்கவில்லை.

கல்யாணப் பூசை முடிந்து, கோயில் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட மாமா பேனாவை எடுத்தார், போடவில்லை.

“பாத்துட்டுத்தான் போடறேன். இதுக்கப்புறம் ஒண்ணும் கேக்க முடியாதுல்ல?”

என் வாசகம் நாக்கு நுனிவரை வந்தது. ஷூவை வெட்டி என் காலை விடுவித்தவளைப் பார்த்தேன்.

“எப்ப வேணா கேளுங்க மாமா” என்றேன்.

போட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும், முதலில் என் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்.