கொட்டாயில் ஒரு ஸ்பீக்கர்

தருமபுரியில் ஒரு பழைய சாமான் கடையில் அந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் விற்பனைக்கு இருந்தது. கடைக்காரர் சுவிட்சைப் போட்டதும் சூடேறிய தூசியின் வாசனை எழுந்தது. ஏரியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்த அதே வாசனை.

அப்பா இப்படியொன்றை வாங்கிவந்தபோது, இடதுபக்க ஸ்பீக்கரைக் கூடத்தில் வைத்தார். வலதுபக்க ஸ்பீக்கருக்கு நீளமாக ஒயர் இழுத்து, அம்மா புளி தட்டுகிற கொட்டாயில் கட்டினார்.

"அவ பாட்டுக்கு அங்க தனியா உக்காந்திருக்கறா. அவளுக்கும் கேக்கட்டும்" என்றார்.

பொழுது சாய்ந்து அடுப்பு பற்றவைக்கும்போது அம்மா அதில் கேட்ட ஒரு பாட்டை முணுமுணுப்பாள். கூடத்தில் எனக்குத் தபலா மட்டும் கேட்ட இடங்களில் அவள் வேறொரு மெட்டை இழுப்பாள்.

"அந்த எடத்துல அப்படி எதுவும் வராதும்மா."

"வருது கண்ணு. ஒருநாளு கொட்டாய்க்கு வந்து கேளு."

புளித் தூசிக்குத் தும்மல் வரும் என்று நான் போகவே இல்லை.

இப்போது இருவரும் இல்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. ஊரைவிட்டு வந்தபின் நான் கேட்டேயிராத அந்தப் பாட்டைக் கடைக்காரரின் ஃபோனில் தேடி, ஆம்ப்ளிஃபயரில் இணைத்துப் போடச் சொன்னேன்.

"ரெண்டு பக்கமும் நல்லாப் பாடுதுங்க" என்றார்.

இடதுபக்கத் திருகை முழுவதுமாகக் குறைத்தேன். தபலா அடங்கியது. வரிகளுக்கு நடுவே வலதுபக்க ஸ்பீக்கரில் புல்லாங்குழல் ஒன்று தனியாக வந்தது. அம்மா இழுத்த மெட்டேதான்.

கடைக்காரர் இடதுபக்கத்தைக் கூட்டக் கையை நீட்டினார்.

"வேணாங்க. அப்படியே இருக்கட்டும்."